'சுகமாயிட்டு' என்ற சொல்: எம்.எஸ். நோயாளர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஏன்?

இக்கட்டுரையை எழுதுபவர் வைத்தியர் அல்லர்; பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. ஆகவே எந்த மருந்து நல்லது, எது கூடாது என்ற தீர்ப்பு எதுவும் இதில் இராது. ஒரு வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது, வைத்தியர் தொடங்கச் சொல்கிறார், நோயாளியும் படித்தவர். இருந்தும் அவர் ஏன் தொடங்குவதில்லை? இந்தக் கேள்வி என் குடும்பத்துக்குள்ளேயே வந்தது. அதற்கு விடை தேடி வாசித்ததையும் விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்கப்போவதில்லை.

என் சாச்சியின் மகள் கொலன்னாவையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். 2015ஆம் ஆண்டு அவளுக்கு 23 வயது. ஒரு நாள் காலையில், "தாத்தா, கண்ண அசச்சா நோகுது" என்றாள். இரண்டு நாளில் வலது கண்ணின் பார்வை மங்கிப்போனது. ஒரு கண்ணால் பார்க்கும்போது சிவப்பாகத் தெரிகிற ஷால், மற்றக் கண்ணால் பார்க்கும்போது பலமுறை கழுவி வெளுத்தது போலத் தெரிந்தது. கண் டொக்டர் நரம்பு டொக்டரிடம் அனுப்பினார். வார்டில் வைத்து ஐந்து நாள் ஸ்டீரொய்ட் மருந்து ஏற்றினார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நாரியில் ஊசி குத்தித் தண்ணி எடுத்துப் பார்க்க வேண்டும், நீண்டகால மருந்து தொடங்குவதைப் பற்றிக் கதைக்க வேண்டும், ஒரு மாதத்தில் வாருங்கள் என்றார்கள். துண்டில் எழுதியிருந்த பெயர் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.

அந்த ஒரு மாதம் மூன்று வருடமானது.

நோய் என்ன செய்கிறது?

நம் உடம்பைக் கிருமிகளிடமிருந்து காக்கும் எதிர்ப்புச் சக்தி, எம்.எஸ். நோயில் தன் சொந்த நரம்புகளையே தாக்குகிறது. கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நரம்பு இழைகளுக்கும் மயெலின் என்றொரு கொழுப்புறை உண்டு. மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் கண் நரம்பிலும் அந்த உறை அங்கங்கே அழிந்து தழும்பாகிறது. பல இடங்களில் தழும்பு இறுகிப்போதல் என்பதே அந்த நீண்ட பெயரின் பொருள். எந்த இடத்தில் உறை அழிகிறதோ அதற்கேற்பக் கண் மங்கலாம், கால் விறைக்கலாம், கை நடுங்கலாம், சிறுநீர் அடங்காமற் போகலாம், சொல்ல முடியாத களைப்பு வரலாம்.

உலகில் சுமார் 29 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலாக வருகிறது. பூமத்திய ரேகைக்கு அண்மித்த நம்மைப் போன்ற நாடுகளில் அரிது. அரிது என்பதே ஒரு துன்பம். சீனி வருத்தம் என்றால் ஒழுங்கைக்குப் பத்துப்பேர் புத்தி சொல்ல இருப்பார்கள். எம்.எஸ். என்றால் கேட்பதற்கு ஆளில்லை. "எங்கட ஊர்ல ஒருத்தருக்கும் இல்லாத வருத்தம், டொக்டருக்குப் பிழச்சிருக்கும்" என்பது எங்கள் சாச்சாவின் முதல் வார்த்தை.

எம்.எஸ். நோயாளரில் நூற்றுக்கு 85 பேர் அளவில் தாக்குதலும் தணிதலுமாக மாறிமாறி வரும் வகையினர். திடீரென ஒரு குறை தோன்றும். நாட்களோ வாரங்களோ இருக்கும். பிறகு பெருமளவுக்கோ முழுமையாகவோ மறைந்துவிடும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. சிகிச்சை தள்ளிப்போவதன் முதற்காரணம் நோயாளியின் அறியாமையோ பிடிவாதமோ அல்ல, நோயின் இந்த இயல்புதான் என்று நான் நினைக்கிறேன்.

தானாகத் தெளிந்த கண்கள்

எம்.எஸ். நோயாளர் என்று நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய மனிதர்களில் ஒருவர் ஒகஸ்டஸ் டெஸ்டே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பேரன். 1822இல், 28 வயதில், ஸ்கொட்லாந்து போன இடத்தில் ஒரு மரணச் சடங்கில் கலந்துகொண்டார். அதன் பின் கண் மங்கி, கடிதங்களைப் பிறர் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பிறகு அயர்லாந்து போனார். கண்ணுக்கு எதுவும் செய்யாமலே பார்வை முழுதாகத் திரும்பிவிட்டதென்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில வருடங்களில் மீண்டும் கண், பின்பு கால், பின்பு தள்ளுநாற்காலி. கனிம நீரூற்றுக் குளியல், இரத்தம் வடித்தல் என்று அக்காலத்தில் இருந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தார். 1848இல் இறந்தார். பாரிஸில் சார்கோ என்ற மருத்துவர் இந்த நோயைத் தனியொரு நோயாக வகுத்துச் சொன்னதே அதற்கு 20 வருடங்கள் கழித்து, 1868இல்தான்.

டெஸ்டே எதுவும் செய்யாமல் பார்வை பெற்றார். ஏதாவது செய்திருந்தால், அந்த 'ஏதாவது'க்குத்தான் முழுப் புகழும் போயிருக்கும். எங்கள் வீட்டில் அதுவே நடந்தது. ஸ்டீரொய்ட் ஏற்றி வீடு வந்த பிறகு சாச்சி ஒரு ஹஸ்ரத்திடம் தண்ணி ஓதி வாங்கிவந்து கண்ணில் தடவினார். ஆறு வாரத்தில் பார்வை தெளிந்தது. "ஓதின தண்ணியில சொகமாயிட்டு" என்றார் சாச்சி. "ஸ்டீரொய்ட்ல சொகமாயிட்டு" என்றார் சாச்சா. உண்மையில் இரண்டு பேருமே முழுச் சரியில்லை. கண் நரம்பு அழற்சிக்கு நாளத்தில் ஏற்றும் ஸ்டீரொய்ட், பார்வை திரும்புவதை விரைவுபடுத்துமே தவிர, கடைசியில் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்பதைப் பெரிதாக மாற்றாது என்று 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அடுத்த தாக்குதலைத் தடுப்பதற்கான மருந்தும் அதுவல்ல. அது வேறு மருந்து. "மருந்து ஏத்தி முடிஞ்சிதானே" என்று நாங்கள் நினைத்தபோது, முக்கியமான மருந்து தொடங்கப்படவே இல்லை.

பார்வை தெளிந்திருந்த அந்தக் காலத்திலும் உள்ளே நோய் சும்மா இருப்பதில்லை. வெளியே ஒரு தாக்குதல் தெரிகிறதென்றால், அதே காலத்தில் ஐந்து முதல் பத்துப் புதிய தழும்புகள் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியலாம். மூளை பாதிக்கப்பட்ட பாதையை விட்டு வேறு பாதையால் வேலையை நடத்திக்கொள்வதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாற்றுப் பாதைகள் முடியும் நாளில்தான் கால் இழுபடுகிறது.

நூறு பிள்ளைகளின் கணக்கு

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு என் தங்கச்சியின் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது. முதல் தாக்குதல் வந்து, எம்.ஆர்.ஐ. படத்திலும் புள்ளிகள் உள்ள 383 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குக் கிழமைக்கு ஒரு இன்டர்ஃபெரோன் ஊசி. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. மூன்று வருடத்தில் இரண்டாம் தாக்குதல் வரும் வாய்ப்பு, மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 50. மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 35.

இதை வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மருந்து எடுக்காத நூறு பேரில் 50 பேர் மூன்று வருடம் கழித்தும் நன்றாக இருக்கிறார்கள். "நான் ஒரு ஊசியும் போடல்ல, எனக்கென்ன குற?" என்று அவர்கள் சொன்னால் அது பொய்யல்ல. மருந்து எடுத்த நூறு பேரில் 35 பேருக்கு மருந்தையும் மீறித் தாக்குதல் வருகிறது. "ஊசி போட்டும் வந்துட்டு" என்று அவர்கள் சொன்னால் அதுவும் பொய்யல்ல. மருந்தால் பயனடைந்தவர்கள் நடுவிலுள்ள அந்த 15 பேர். அவர்கள் யார்? அவர்களுக்கே தெரியாது! அவர்களுக்கு நடந்ததெல்லாம், எதுவும் நடக்காததுதான். ஆகவே இந்த மருந்துக்குச் சாட்சி சொல்ல ஊரில் ஆள் கிடைப்பதில்லை. அதற்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் ஆட்கள் நிறைய.

வருடங்கள் கூடக்கூட வித்தியாசம் தெரிகிறது. 1993இல் அமெரிக்காவில் முதல் இன்டர்ஃபெரோன் மருந்து அனுமதி பெறக் காரணமான ஆய்வில் 372 பேர் இருந்தார்கள். 21 வருடங்கள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே மருந்து கிடைத்தவர்களின் மரண ஆபத்து, வெறும் ஊசி கிடைத்தவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாக இருந்தது. பிந்தியவர்களும் பிறகு மருந்து எடுத்தார்கள்தான். ஆனால் பிந்திய சில வருடங்களின் விலை திரும்பிக் கிடைக்கவில்லை. இன்று அதைவிட வலுவான மருந்துகள் பல வந்துவிட்டன.

கலியாணமும் பிள்ளையும்

இனி என் பிழை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவேண்டிய அந்த மாதத்தில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. "ஊசி போடத் தொடங்கினா மாப்புள ஊட்டுக்குத் தெரிஞ்சிரும்" என்று சாச்சி அழுதார். அவள் என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க படிச்சவங்க, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். "இப்ப சொகமா ஈக்கிதானே. கலியாணம் முடியட்டும், பொறகு பாப்பம்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். கிளினிக் கொப்பி மெத்தைக்குக் கீழே போனது.

2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் முங்கின. படங்களும் கொப்பியும் ஊறிப் போயின. "இனி என்னத்தக் காட்டப் போற?" என்பது அடுத்த காரணமாயிற்று. அந்த வருடக் கடைசியில் கலியாணம். 2017இல் கர்ப்பமானாள். அவ்வளவு சுகமாக அவளை நான் கண்டதில்லை. "பாருங்க, கலியாணம் முடிச்சதோட எல்லாம் போயிட்டு" என்று எல்லோரும் சொன்னோம்.

இதற்கும் விளக்கம் உண்டென்று பிறகுதான் வாசித்தேன். 1998இல் வெளியான ஆய்வொன்று ஐரோப்பாவின் 12 நாடுகளில் எம்.எஸ். உள்ள 254 தாய்மாரைப் பின்தொடர்ந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் வெகுவாகக் குறைகின்றன; பிள்ளை பிறந்து முதல் மூன்று மாதங்களில் கூடுகின்றன. கர்ப்பம் ஒரு தற்காலிக நிழல். எங்கள் பிள்ளைக்கும் குழந்தை பிறந்து பத்தாவது கிழமை இரண்டு காலும் விறைத்தன. இடுப்புக்குக் கீழே மரக்கட்டை மாதிரி என்றாள். அதன் பிறகுதான், 2018இல், சிகிச்சை தொடங்கியது.

அன்றே தொடங்கியிருந்தால் இது வந்திராது என்று நான் சொல்ல மாட்டேன். மேலே போட்ட கணக்கின்படி அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. வந்திராமல் இருக்க ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நான் ஒரு வார்த்தையில் தட்டிவிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பயத்தில் நியாயமும் உண்டு

மருந்துக்குப் பயப்படுபவர்களை ஏளனம் செய்வது சரியல்ல. இன்டர்ஃபெரோன் ஊசி போட்ட இரவில் காய்ச்சல் மாதிரி உடம்பு உளையும். நன்றாக இருந்த ஒருவரை மருந்து நோயாளியாக்குகிறது. பயனோ கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலை யாருக்குத்தான் பிடிக்கும்? நடலிசுமாப் என்ற வலுவான மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, மூளையில் ஓர் அரிய, கொடிய தொற்று ஏற்பட்டதால் 2005இல் நிறுத்தப்பட்டு, 2006இல் கடும் கண்காணிப்போடு திரும்பி வந்தது. அது இன்றும் பாவிக்கப்படுகிறது. ஆனால் இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் தவறாமல் செய்யவேண்டும். பயத்துக்கு விடை கண்காணிப்பு, தவிர்ப்பு அல்ல.

வைத்தியரே காத்திருக்கச் சொல்லும் இடங்களும் உள்ளன. எம்.எஸ். போலவே கண்ணையும் முள்ளந்தண்டையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற இன்னொரு நோய் உண்டு. நரம்புத் தாக்குதல் நோய்களில் அதன் பங்கு ஆசியாவில் கூடுதல். அதற்கு இன்டர்ஃபெரோன் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அதைப் பிரித்தறியும் இரத்தப் பரிசோதனைக்கு வழிதிறந்த கண்டுபிடிப்பு 2004இல்தான் வெளிவந்தது. ஆகவே பரிசோதனை முடிவுக்காகச் சில வாரங்கள் நிற்பது வீண் தாமதமல்ல. வயது கூடி, பல வருடம் தாக்குதலே இல்லாத ஒருவர் வைத்தியரோடு கதைத்து மருந்து வேண்டாம் என்று முடிவெடுப்பதும் வேறு. நாங்கள் செய்தது இவற்றில் ஒன்றுமல்ல. நாங்கள் முடிவே எடுக்கவில்லை.

பாஷை, பெற்றோல், நம்பிக்கை

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். அது பெரிய நிஃமத். ஆனால் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கொழும்பில் கிளினிக் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. துண்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தங்கச்சி படித்ததோ தமிழில். முதல் முறை வார்டிலிருந்து துண்டு வெட்டும்போது டொக்டர் "தென் சனீபத?" என்று கேட்டார். இப்போது எப்படி, சுகமா என்பதுதான் கேள்வி. இவள் "சனீபய்" என்றாள். வீட்டுக்கு வந்து, "டொக்டரும் சொகமெண்டு சொல்லிட்டார்" என்றாள்! நோய் என்ன, மருந்து எதற்கு என்று அவளுடைய பாஷையில் பத்து நிமிடம் யாராவது விளங்கப்படுத்தியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்ததையடுத்து மருந்துத் தட்டுப்பாடு வந்தது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கொலன்னாவையின் எண்ணெய்க் குதங்கள் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீலுக்குப் பெற்றோல் இல்லை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வெளிவந்தபோது, ஊசி என்றாலே சந்தேகிக்கப் பலருக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. இப்படியான காலத்தில் சிகிச்சையைக் கைவிட்டவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? அதே 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக எம்.எஸ்.க்கென மருந்துகளைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிராமர் அசிட்டேட், ரிட்டுக்சிமாப். எம்.எஸ். மருந்து பணக்கார நாடுகளுக்கு மட்டுமுரியது என்ற எண்ணம் மாறுவதற்கு இது ஓர் அடையாளம்.

நஸீபு என்ற பதில்

"அல்லாஹ் எழுதினது நடக்கும்" என்று ஊசியை மறுத்த ஒரு மனிதரையும் கிளினிக் வாங்கில் சந்தித்தேன். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் நம் வரலாறு ஒன்றைச் சொல்லும். ஹிஜ்ரி 18இல் ஷாமை நோக்கிப் போன உமர் (ரழி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போவதாக விடை சொன்னார்கள். மருந்தும் அவனது விதிக்குள் அடங்கியது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையா? சாச்சி இன்றும் தண்ணி ஓதி வாங்குகிறார். நானே கூட்டிப் போகிறேன். ஓதின தண்ணியும் ஊசியும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

தணிதலும் தீர்தலும்

தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்குக் கடைசியில் விளங்கியது இது. 'சுகம்' என்று நாம் ஒரே சொல்லால் இரண்டைச் சொல்கிறோம்: நோவு நின்றதும் சுகம், நோய் ஒழிந்ததும் சுகம். தடிமலுக்கு அந்தச் சொல் போதும். எம்.எஸ்.க்குப் போதாது. நம்மிடம் சொற்கள் இல்லாமலில்லை. தணிதல் வேறு, தீர்தல் வேறு. தீ தணிந்திருக்கும்போது வீட்டுக்காரன் தூங்கப் போவதில்லை. 2015இல் அவள் கண்ணுக்கு நடந்தது தணிதல். நாங்கள் அதைத் தீர்தல் என்று வாசித்தோம். அந்தப் பிழைவாசிப்பில்தான் மூன்று வருடம் போயிற்று.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று உதவுபவர். பரீட்சைக்காக இதைப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். அந்த நான்காவது ஆள் நான்தான் என்பது அன்று தோன்றவில்லை. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் நான்காமவர் செய்யக்கூடியவை சில உள்ளன. படங்களையும் கொப்பியின் பக்கங்களையும் ஃபோனில் பிடித்து வையுங்கள், வெள்ளம் வரும். பாஷை தெரிந்த ஒருவராகக் கூடவே போங்கள். இந்த மருந்து எதைத் தடுக்க, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும், பிள்ளை பெற நினைத்தால் என்ன செய்வது, நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். சில மருந்துகள் கர்ப்பத்துக்கு ஆகாது, சில ஆகும். ஆகவே கலியாணப் பேச்சை டொக்டரிடம் மறைக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்காதீர்கள். எங்கள் மாப்பிள்ளைக்கு உண்மை தெரிந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னத்துக்கு இத எனக்கிட்ட மறச்சீங்க?"

அவள் இப்போது இடது காலை இழுத்து நடக்கிறாள். வீட்டிலிருந்து அபாயா தைக்கிறாள். சிகிச்சை தொடங்கிய பிறகு, அல்ஹம்துலில்லாஹ், பெரிய தாக்குதல் வரவில்லை. போன மாதம் கிளினிக்குக்குக் கூடப் போயிருந்தேன். வாங்கில் பக்கத்திலிருந்த ஒரு பெண், "மகள், இப்ப சொகமா?" என்று கேட்டார். அவள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "தணிஞ்சி ஈக்கி" என்றாள்.